முப்பது முறை பார்த்த படம் பட்டியலில் இல்லை, இரண்டே முறை பார்த்த படம் இருக்கிறது: இது நேர்மைதானா?

கடைசி வரிசை:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகள், என் வாழ்நாளில் எனக்கு மிகவும் பிடித்த படங்களைப் பத்துக்கு மிகாமல் எழுதித் தரும்படி சென்ற வாரம் கேட்டாள். நாற்பது ஆண்டுகளாகப் படம் பார்த்து வருபவன் என்பதால், தேநீர் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று இரவுகள் கழிந்த பிறகு, எழுதியும் அடித்தும் கசங்கிப்போன தாளில் ஆறு பெயர்கள்தாம் மிஞ்சின: மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979), அவருடைய 'முள்ளும் மலரும்' (1978), பாலு மகேந்திராவின் 'வீடு' (1988), சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955), யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953), விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948).

தாளை வாங்கிப் படித்தவள், "'காதலிக்க நேரமில்லை' எங்கே அப்பா?" என்றாள். எந்த அலைவரிசையில் அந்தப் படம் வந்தாலும் ரிமோட்டை யாரிடமும் தராதவன் நான். நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி முடியும்வரை சாப்பிடக்கூட எழுந்திருக்கமாட்டேன். முப்பது முறைக்குக் குறையாது என்று என் மனைவி உள்ளறையிலிருந்தே சாட்சி சொன்னார். 'டோக்கியோ ஸ்டோரி'யை எத்தனை முறை பார்த்தீர்கள் என்பது மகளின் அடுத்த கேள்வி. இரண்டு முறை என்றேன். "அப்படியென்றால் இது உங்களுக்குப் பிடித்த படங்களின் பட்டியலா, அல்லது நீங்கள் எப்படிப்பட்டவர் என்று பிறர் நினைக்க வேண்டும் என்பதற்காக எழுதிய பட்டியலா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கேள்வி இன்னும் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

என் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 'டோக்கியோ ஸ்டோரி'யை ஒரு ஃபிலிம் சொசைட்டி திரையிடலில் முதலில் பார்த்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. ஒனோமிச்சி என்னும் கடலோர ஊரிலிருந்து ஒரு முதிய தம்பதியர் டோக்கியோவில் வாழும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். மருத்துவரான மகனுக்கும் அழகு நிலையம் நடத்தும் மகளுக்கும் நேரமில்லாததால், இருவரும் பணம் போட்டுப் பெற்றோரை அட்டாமி வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். போரில் இறந்துபோன இன்னொரு மகனின் மனைவி நொரிகோ மட்டுமே அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு இறங்கி, அங்கேயே அசையாமல் நிற்கும் கேமரா அன்றைக்கு எனக்குச் சலிப்பைத்தான் தந்தது. என் அம்மா இறந்து ஓராண்டு ஆன பிறகு இரண்டாம் முறை பார்த்தேன். அம்மா ஊரிலிருந்து வந்தபோதெல்லாம் வேலையைக் காரணம் காட்டி, அவரைக் கோயிலுக்கு அழைத்துப்போகும் பொறுப்பை மனைவியிடம் தள்ளிவிட்டவன் நான். நொரிகோ மாமியாரின் தோளைப் பிடித்துவிடும் காட்சியில் என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எழுந்து வெளியே போயிருப்பேன். அதன்பின் அந்தப் படத்தைப் போட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

'உதிரிப்பூக்கள்' விஷயமும் ஏறக்குறைய இப்படித்தான். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து மகேந்திரன் எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். சுந்தரவடிவேலு என்ற மனிதனை அவரே செதுக்கினார். ஊரார் கூடி அவனை ஆற்றுக்கு நடத்திச் செல்லும் கடைசிக் காட்சியைப் பதினேழு வயதில் பார்த்தபோது, தகுந்த தண்டனை என்று மனம் நிறைந்தது. நல்லவர்களாக இருந்த உங்களையெல்லாம் இன்று என்னைப் போல ஆக்கிவிட்டேனே என்று அவன் சொல்வது அப்போது வெறும் வசனமாகக் காதில் விழுந்தது. எனக்கே இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு பார்த்தபோது ஊராரையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. கரையில் நிற்கும் அந்த இரண்டு குழந்தைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'பதேர் பாஞ்சாலி'யில் எனக்கு ஒரே ஒரு காட்சி போதும். துர்கா இறந்த பிறகு, ஊரை விட்டுக் கிளம்ப மூட்டை கட்டும் வேளையில், அவள் எடுக்கவே இல்லை என்று சாதித்த பாசிமணி மாலை அப்புவின் கையில் அகப்படுகிறது. அவன் அதைக் குளத்தில் வீசி எறிகிறான். விலகிய பாசி மெல்ல வந்து மூடிக்கொள்கிறது. அக்காளின் திருட்டை ஒரு தம்பி எப்படிக் காப்பாற்றினான் என்பதற்கு ராய் ஒரு சொல்லும் செலவழிக்கவில்லை.

இந்தப் படங்கள் என்னை மாற்றின என்று கூசாமல் சொல்வேன். ஆனால் களைத்து வீடு திரும்பும் இரவில் என் கை தேடிப்போவது இவற்றை அல்ல என்பதும் உண்மை. உங்களில் பலர் இப்படியொரு பட்டியலை எப்போதாவது எழுதியிருப்பீர்கள். 'பிடித்த படம்' என்பதற்கு நீங்கள் வைத்திருக்கும் அளவுகோல் என்ன? பார்த்த தடவைகளா, பார்த்தபின் தூங்காத இரவுகளா?

---

ஓலைக்கொட்டகை:

நண்பரே, உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. ஆனால் நீங்கள் பதிலைத் தவறான இடத்தில் தேடுகிறீர்கள். 'காதலிக்க நேரமில்லை' உங்கள் தாளில் ஏறாததற்குக் காரணம் அது உங்களை மாற்றவில்லை என்பதன்று. நம்மைச் சிரிக்க வைத்ததை நாம் கலையாகக் கணக்கில் எடுப்பதில்லை. அழவைத்தவருக்கு மாலை போடுகிறோம், சிரிக்க வைத்தவருக்குக் கைதட்டிவிட்டு எழுந்து போகிறோம். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தைப் பெரும்பாலும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடத்திக் காட்டி அரங்கத்தை அழவைத்த அதே ஸ்ரீதர்தான், இரண்டே ஆண்டுகள் கழித்து, 1964இல், சித்ராலயா கோபுவுடன் உட்கார்ந்து இந்தக் கதையை எழுதினார். முந்தையதைக் காவியம் என்பவர்கள் பிந்தையதைப் பொழுதுபோக்கு என்றே சொல்கிறார்கள்.

கதை சொல்லும் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓஹோ புரொடக்ஷன்ஸ் செல்லப்பா, பணம் போட மறுக்கும் தன் தந்தைக்குத் தான் எடுக்கப்போகும் திகில் படத்தின் கதையைச் சொல்கிறான். இருட்டு, கதவு, காலடி எல்லாமே நாகேஷின் வாயிலிருந்துதான் வருகின்றன. அந்த இருவரைத் தவிர அந்தக் காட்சிக்கு வேறு எதுவுமே தேவைப்படவில்லை. நானும் முதல் ஐந்தாறு முறை நாகேஷைப் பார்த்துத்தான் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் பாலையாவைக் கவனிக்கத் தொடங்கினேன். காசு கேட்டு வந்த மகனை விரட்டியடிக்கும் எரிச்சலோடு உட்காருகிற அந்த மனிதர், சிறுகச் சிறுக எஸ்டேட் முதலாளி என்பதை மறந்து, கொட்டகையில் முன்வரிசை மணலில் உட்கார்ந்திருக்கும் சிறுவனாக மாறிப்போகிறார். பயப்படுவதற்கு ஒரு முகம், பயத்தைக் காட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்கு ஒரு முகம், அடுத்து என்ன என்று கேட்கும் ஆவலுக்கு ஒரு முகம் என மூன்றையும் அவர் ஒரே நேரத்தில் வைத்திருக்கிறார். ஒரு மனிதன் கதைக்குள் எப்படி விழுகிறான் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறொரு காட்சி என் நினைவில் இல்லை.

முப்பது முறை பார்த்தும் தீராத ஒன்றை மேலோட்டமானது என்று எப்படிச் சொல்வீர்கள்? இன்னொன்றும் கேட்க வேண்டும். 'முள்ளும் மலரும்' படத்தைப் பட்டியலில் எழுதினீர்களே தவிர, அதைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. 'பைசைக்கிள் தீவ்ஸ்' பற்றியும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் காரணமே இல்லையா?

---

சீவாளி:

மேலே ஐயா அவர்கள் பாலையாவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. என் பட்டியல் ஒரே படத்தில் தொடங்கி அதிலேயே முடிகிறது: ஏ.பி. நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்' (1968). பாலையா அதில் தவில் வித்வான் முத்துராக்கு.

என் தந்தையார் தஞ்சை மாவட்டத்தில் கோயில்களிலும் கல்யாணங்களிலும் ஐம்பது ஆண்டுகள் தவில் வாசித்தவர். சினிமாவில் வாத்தியம் வாசிக்கும் காட்சி வந்தால் அவர் திரையைப் பார்க்கமாட்டார். விரல் ஓரிடத்திலும் ஓசை ஓரிடத்திலும் இருக்கும் அந்த அவலத்தைப் பார்க்கச் சகிக்காது என்பார். இந்தப் படத்தை மட்டும் அவர் ஊரில் திரையிட்ட ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்தார். நாதஸ்வரத்தை வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சிக்கல் சண்முகசுந்தரமாக நடித்த சிவாஜி கணேசன், அந்த ஓசைக்கு ஏற்பக் கன்னத்தை உப்புவதோடு நிறுத்தவில்லை என்பதைத் தந்தையார்தான் எனக்குக் காட்டினார். ஒரு நீண்ட பிடி முடியும் இடத்தில் நாயனக்காரர் மூச்சு வாங்க எப்படி உதட்டைத் தளர்த்துவாரோ, அடுத்ததைத் தொடங்கும் முன் தவில்காரரை எப்படிக் கண்ணால் கேட்பாரோ, அதெல்லாம் அங்கே இருக்கிறது. பாலையாவின் வலக்கை விரல்களையும் இடக்கைக் கழியையும் பார்த்துவிட்டுத் தந்தையார், "பயல் எங்கேயோ உட்கார்ந்து பழகியிருக்கிறான்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டை நான் கேட்டதில்லை.

கோயில் கச்சேரியின் நடுவே வாணவேடிக்கை வெடிக்க, சண்முகசுந்தரம் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கோபத்தோடு எழும் காட்சியைப் பலரும் கதாநாயகனின் முன்கோபம் என்று சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். எங்கள் வீட்டில் அந்தக் காட்சியில் யாரும் சிரித்ததில்லை. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் என்று கத்துவதைத் தவிர வாத்தியக்காரர்கள் பக்கம் திரும்பாத கல்யாண வீடுகளில், பந்தியில் கடைசியாக இலை போடப்பட்ட குடும்பம் எங்களுடையது. தன் கலைக்கு மரியாதை இல்லாத இடத்தில் வாசிக்கமாட்டேன் என்று ஒருவன் எழுந்து போவதை என் தந்தையார் திரையில்தான் முதன்முதலாகப் பார்த்தார். தம் வாழ்க்கையில் ஒருமுறையும் அவரால் அப்படி எழ முடிந்ததில்லை.

எனவே, கடைசி வரிசை அவர்களே, முப்பது முறை பார்ப்பதும் மனத்தை அறுப்பதும் வேறு வேறு படங்களில்தான் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'நலந்தானா' பாட்டை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணவே முடியாது. காயம்பட்டு மீண்டு வந்து வாசிக்கும் ஒருவனிடம், சபையே பார்த்துக்கொண்டிருக்க, ஆடிக்கொண்டே ஒரு பெண் உடல்நலம் விசாரிக்கிறாள். ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வரும் இடங்களில் வயிறு வலிக்கச் சிரிக்கும் நாங்களே இந்தப் பாட்டில் வாயடைத்துப் போவோம்.

---

அரைச்சுவர்:

எண்ணிக்கையை அளவுகோலாக வைப்பதை நான் அடியோடு மறுக்கிறேன். என் பட்டியலில் முதலிடம் 'வீடு' படத்துக்கு. அதை முழுமையாக ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். மறுமுறை பார்க்கும் எண்ணமும் இல்லை.

புறநகரில் அரைக் கிரவுண்டு வாங்கி வீடு கட்டியவன் நான். அனுமதி வாங்க ஓர் அலுவலகத்துக்கு நடந்த நடையையும், அஸ்திவாரம் போட்டதும் காணாமல் போன மேஸ்திரியையும் விவரித்து யாரையும் அலுப்பூட்ட விரும்பவில்லை. அந்தக் காலத்தில் ஒரு நாள் இரவு தொலைக்காட்சியில் 'வீடு' ஓடியது. சுதாவாக நடித்த அர்ச்சனா அலுவலகத்தில் கடன் கேட்கிறார், கையில் இருப்பதைக் கூட்டிக் கழிக்கிறார், ஒப்பந்தக்காரர் சிமென்ட்டில் கை வைத்ததைச் சித்தாள் மங்கா போட்டு உடைக்கிறார். பாட்டு இல்லை, சண்டை இல்லை. பின்னணிக்கு இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்த இசை மட்டும் அங்கங்கே வந்து போகிறது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்ததில் எனக்கு வியப்பே இல்லை. அவர் நடித்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் என்னால் தாங்க முடியாமல் போனது தாத்தா முருகேசனாக வந்த சொக்கலிங்க பாகவதர்தான். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க அவர் தனியாகக் கிளம்பிப் போகிறார். பூசாத சுவரைத் தடவிப் பார்க்கிறார், கதவில்லாத வாசலில் நுழைந்து வருகிறார். அந்த முகத்தில் இருக்கும் நிறைவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர் அந்த வீட்டில் ஒருநாளும் வாழப்போவதில்லை. அந்த நிலமே குடிநீர் வாரியத்துக்குப் போகிறது என்ற செய்தி பின்னால் வருகிறது. என் வீட்டுக்குக் கதவு வைத்த அன்று, உறவினர் எல்லோரும் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பாகவதரின் உள்ளங்கைதான் என் கண்முன் நின்றது. இருபது ஆண்டுகளாகியும் எங்காவது செங்கல் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் அது வந்து நிற்கிறது. இதை ஒரு முறை என்று எண்ணுவதா, இரண்டாயிரம் முறை என்று எண்ணுவதா என்பதை உங்கள் மகளிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

---

பனங்கூடல்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் அளவுகோல் இரண்டுமே என் வகைக்குப் பொருந்தாது. என் மனதுக்கு மிக நெருங்கிய படம் 'பொன்மணி' (1977). தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்துக்கு வந்து எடுத்த தமிழ்ப் படம் அது. சீதனம் கொடுக்க வழியில்லாமல் தமக்கை காத்திருக்கும் வீட்டில், தங்கை சாதியைக் கடந்து காதலிக்கிறாள்; அந்த ஊர் அதை மன்னிப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் படங்களின் பாட்டுக்கும் வேகத்துக்கும் பழகிப்போன எங்கள் ஆட்கள் அன்று அதைப் பெரிதாக வரவேற்கவில்லை.

நான் அதைத் தேய்ந்துபோன ஒரு பிரதியில், ஓசை பாதி கேட்டும் கேளாமலும், ஒரே தடவைதான் பார்த்தேன். அது மிகச்சிறந்த படமா என்று என்னைக் கேட்டால் தயங்குவேன். சில இடங்களில் நடை தளர்கிறது. ஆயினும் எங்கள் வேலியும் படலையும் பனைகளும், போருக்கு முந்திய எங்கள் தெருக்களும் அதில் இருக்கின்றன. மறுபடி பார்க்க வேண்டும் என்று நான் பல ஆண்டுகளாகத் தேடும் படம் அதுதான். நீங்கள் முப்பது முறை என்று கணக்குச் சொல்வதைப் படிக்கும்போது எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருக்கிறது.

---

கடைசி வரிசை:

எழுதிய அனைவருக்கும் நன்றி. ஓலைக்கொட்டகை ஐயா கேட்ட இரண்டு படங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

'பைசைக்கிள் தீவ்ஸ்' விஷயத்தில் என் மகளிடம் தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அது மகத்தான படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1950இல் லண்டனில் அதைப் பார்த்ததுதான் ராயைப் 'பதேர் பாஞ்சாலி' நோக்கித் தள்ளியது என்பதை முதலில் கட்டுரைகளில்தான் படித்தேன். படத்தைப் பார்த்தது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. பார்ப்பதற்கு முன்பே அதை எங்கே வியக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடமாகியிருந்தது. ரோம் நகரத் தெருக்களில் தந்தையும் மகனும் சைக்கிளைத் தேடி அலைவதை மரியாதையோடு பார்த்தேன், பாராட்டினேன், எழுந்து வந்துவிட்டேன். இந்தப் பெயர் இல்லாவிட்டால் பட்டியல் வெறிச்சோடித் தெரியுமே என்றுதான் எழுதினேன். நேற்று அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'காதலிக்க நேரமில்லை' என்று எழுதினேன். ஓசுவுக்குக் கீழே ஓஹோ புரொடக்ஷன்ஸ் இருப்பது முதல் நாள் உறுத்தியது. இன்று காலை உறுத்தவில்லை.

'முள்ளும் மலரும்' பற்றி எழுதாததற்குக் காரணம் வேறு. அது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை எழுத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தது. உமா சந்திரனின் நாவலைப் படித்தவர்களுக்குப் படம் எவ்வளவு விலகிப் போகிறது என்பது தெரியும். எனக்குத் தங்கை உண்டு. அவள் திருமணத்தில் நான் நடந்துகொண்ட விதம் பற்றி இன்றுவரை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை. ஒரு கையை இழந்து, எல்லோரும் விலகிப்போன பிறகு, தங்கை தன்னிடமே திரும்பி வந்ததைப் பார்க்கும் நாயகன் காளி, அவளை அவள் விரும்பிய பொறியாளரிடம் ஒப்படைக்கும்போதும் உங்களை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என்றுதான் சொல்கிறான். மனம் திருந்திவிட்டான், எல்லாம் சுபம் என்று முடித்திருந்தால் எந்தக் கொட்டகையும் ஏற்றுக்கொண்டிருக்கும். மகேந்திரன் அவனுடைய வீம்பை அவனிடமே விட்டுவிட்டார். ரஜினிகாந்த் அந்த இடத்தில் முகத்தை வைத்திருக்கும் விதத்தைப் பார்க்க ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தக் கடைசிப் பத்து நிமிடங்களை மட்டும் போட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் வீட்டில் யாரும் இல்லாதபோது.

சீவாளி அவர்களே, உங்கள் தந்தையாரைப் பற்றிப் படித்த பிறகு வாணவேடிக்கைக் காட்சியைத் தேடிப் பார்த்தேன். நானும் இத்தனை நாளும் சிரித்துவிட்டுக் கடந்தவன்தான். அரைச்சுவர் அவர்களே, உங்கள் கேள்வியை மகளிடம் கேட்டேன்; இரண்டாயிரம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் 'டோக்கியோ ஸ்டோரி' பார்க்கப் போகிறாளாம். அம்மா உட்காருகிறார், நீங்களும் உட்கார வேண்டும் என்கிறாள். இரண்டேகால் மணி நேரப் படம். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

பனங்கூடல் அவர்களின் பதிலைப் படித்த யாரிடமாவது 'பொன்மணி'யின் நல்ல பிரதி இருந்தாலோ, அது எங்கே கிடைக்கும் என்று தெரிந்தாலோ, தயவுசெய்து இந்த இழையிலேயே தெரிவியுங்கள்.